காதில்லாத யானை

ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்க முந்தாநாளிலிருந்து ஆள் வந்துகொண்டிருக்கிறார். டப்பாவின் மூடியை நெம்பித் திறந்ததும் வாடை கூடம் முழுக்கப் பரவியது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போனவர்களை நினைத்தால் மல்லிகைப்பூ மணக்கும், விபூதி மணக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். உனக்கு வாய்த்தது இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட். நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

சுவருக்கும் வெள்ளையடிக்க வேண்டும் என்பதால் பெயிண்டர் உன் படத்தைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தார். வைத்தவர் வேலையை விட்டுவிட்டு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். யார் வரைந்தது என்று கேட்டார். என்னோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்றேன். யானையைத் தொட்டுக் காட்டினார்.

"ஒருத்தருக்கும் காதே இல்லையேம்மா. மனுசனுக்குத்தான் இல்லன்னா யானைக்குமா இருக்காது?"

படத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் இத்தனை வருஷமாகச் சொல்லிவரும் பதிலையே அவருக்கும் சொன்னேன். அவளுக்குக் காது வரைய வராது என்று. அது பொய் என்று உனக்குத் தெரியும். ரத்தான வெளியூர் டிரங்க் கால் சீட்டின் முதுகில் நம் சூப்பர்வைசரின் காதை, அதில் முளைத்திருந்த மூன்று முடியோடு வரைந்தவள் நீ.

உண்மையான பதில் எனக்கே தெரியாது என்பதுதான் விஷயம். மூன்றடி அகல ஹார்டுபோர்டு. வானம் முழுக்கத் தரைக்குப் போடுகிற ரெட் ஆக்சைடு நிறம். மனிதர்கள் ஏழு பேர், எல்லோரும் கேட் பச்சை. நடுநடுவே மிருகங்கள். இடது ஓரத்தில் யானை, அதன் காலடியில் குரங்கு, ஜோசியக்காரன் பெட்டிக்குள் கிளி, நட்டநடுவில் ஒரு வெள்ளை நாய். மனிதர்களின் இடுப்பிலிருந்து மிருகங்களின் கழுத்துக்குக் கறுப்புக் கயிறு போகிறது. யார் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கயிற்றின் நுனியில் முடிச்சு இல்லை, பித்தளைக் கொண்டை இருக்கிறது. அது கயிறே இல்லை, இணைப்புக் கொடுக்க நம் போர்டில் செருகுகிற கார்டு ஒயரும் பிளக்கும் என்பது எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் புரியும். காது ஒருவருக்கும் கிடையாது. யானை, பூசணிக்காய்க்குத் தும்பிக்கை வைத்தது போல நிற்கிறது. மனிதர்களில் வாயும் யாருக்கும் கிடையாது, ஒருத்தியைத் தவிர. வலது ஓரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். அவளுக்கு ஒரு கால் குட்டை.

அவள் நானா? நான்தான் என்றால், என்னைத் திட்டுவதற்காக வரைந்தாயா, போனால் போகிறாள் என்று விட்டுவிட்டு வரைந்தாயா? நான் செய்த காரியம் உனக்குத் தெரியுமா, தெரியாதா? நீ போய் முப்பது வருஷம் ஆகப் போகிறது. உன்னிடம் கேட்க வேண்டியதை உன் படத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குத்தான் காது இல்லையே.

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் எக்ஸ்சேஞ்சில் நானும் நீயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் நடந்து வருகிற தூரம். நீ ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து வந்து ஹெட்செட்டை மாட்டும்போதே, "ஏட்டி, எனக்கு முன்னால எம்புட்டு டிரங்க் கால் கிடக்கு?" என்று கேட்பாய். உன் வயதுதான் எனக்கும். கல்யாணமும் ஒரே வருஷத்தில். நீ வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். எனக்குத் தெரிந்த நாலு தெலுங்கு வார்த்தையும் உன் வாயிலிருந்து வந்தவை, அதில் இரண்டு வசவு.

காதில் விழுவது காதோடு போக வேண்டும் என்பது நம் வேலையின் முதல் விதி. பருத்தி வியாபாரிகளின் சண்டை, சம்பந்தம் முறிந்த செய்தி, மிலிட்டரியிலிருந்து மகன் பேசுவான் என்று தபாலாபீஸில் காத்துக் கிடந்த தாயின் அழுகை, எல்லாம் நம் காது வழியாகத்தான் போயின. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் செருகும்போது தானாக விழுந்தவை அவை. ஒன்றைக்கூட நான் வெளியே சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் எவ்வளவோ கிண்டிப் பார்த்திருக்கிறார். அதில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. அந்தப் பெருமையின் தலையில்தான் பின்னால் மண் விழுந்தது.

நீ சும்மா இருக்கிற நேரமெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தாய். பஸ் ஸ்டாண்டில் கிளி ஜோசியக்காரன், குரங்கை வைத்து வித்தை காட்டுகிறவன், தெருவில் மணியடித்துப் போகிற யானை. எதையும் உள்ளபடி வரைய மாட்டாய். கிளியைவிடப் பெட்டி பெரிதாக இருக்கும். குரங்குக்காரனின் முகம் குரங்கின் முகத்தைவிடப் பாவமாக இருக்கும். நூலகத்தில் நீ எடுத்து வந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் அப்படிப்பட்ட படங்கள் இருந்தன. சிவப்பு மரம், மஞ்சள் முகம், கோணல்மாணலாக வீடு. வெள்ளைக்காரனுக்குக் கண்ணில் கோளாறு என்று நான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

"பார்த்தத வரையறது இல்லட்டி இது. பார்க்கும்போது வயித்துக்குள்ள என்ன பண்ணுச்சோ, அத வரையறது."

எனக்கு வயிற்றுக்குள் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். உனக்குப் பசி ஒன்றுதான் பண்ணும் என்று சொல்லிவிட்டு உன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாய்.

உன் மாமனார் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வெள்ளை நாய் வளர்த்தார்கள். உங்கள் ஊரில் அது அதிசயமில்லை. மூக்கு ரோஸ் நிறத்தில், உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் இருக்க வேண்டும். அந்த வீட்டு நாய்க்குட்டி வேண்டும் என்று தளவாய்புரத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து நிற்பார்கள். விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் நாயைக் காட்டுவது அந்த வீட்டு வழக்கம். மாமனார் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரே ஒருமுறை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நாய் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து அவர் காலடியில் நிற்கும். அதுதான் காட்சி.

அந்த வீட்டு நாய்களில் ராணி மட்டும் வர மாட்டாள். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முதலில் அதையும் பெருமையாகத்தான் சொன்னார்களாம். "வீம்புக்காரி. அவ அப்பன மாதிரி" என்று மாமனார் சிரிப்பாராம். பிறகு ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து தொட்ட புல்லுக்கட்டுக்காரரின் கையைக் கவ்விவிட்டாள். வீம்பு இருக்கலாம், கடி கூடாது என்று அன்றைக்கே சங்கிலி போட்டார்கள். அப்புறம் அவிழ்க்கவில்லை. கூப்பிட்டு வராத ஒவ்வொரு முறையும் சங்கிலியில் ஒரு வளையம் குறைந்தது என்றாய் நீ. இரண்டு வருஷம் பின்கட்டில் நாலடி சங்கிலியில் கிடந்தாள்.

அவளுக்குக் காது கேட்காது என்று கண்டுபிடித்தது நீதான். அவள் முதுகுக்குப் பின்னால் உன் கையிலிருந்து செம்பு தவறி விழுந்தது. வீடே ஓடிவந்தது, அவள் அசையவில்லை. செம்பை எடுக்கப் போனபோது பின்கட்டில் பாவியிருந்த கல்லில் உன் கால் அழுத்தி விழுந்தது. உடனே திரும்பிப் பார்த்தாளாம். அன்றிலிருந்து டியூட்டி முடிந்து போனதும் பின்கட்டுக் கல்லில் இரண்டு மிதி மிதிப்பாய். அவள் எழுந்து சங்கிலி இழுக்கிற மட்டும் வந்து வாலை ஆட்டுவாள். இரண்டு வருஷமாக நாய்க்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டவர்களுக்குத்தான் அந்தப் பெயர் தெரியும், அதற்குத் தெரியாது என்றாய் நீ.

அப்படியானால் வீட்டில் சொல்லி அவிழ்த்துவிடச் சொல்லேன் என்றேன். நீ என்னை ஒரு பச்சைப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாய்.

"வீம்புன்னா வச்சுக்கிடுவாக. செவிடுன்னா வச்சுக்கிட மாட்டாக."

அந்த வீட்டு நாயில் செவிடு விழுந்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் பிறகு குட்டி கேட்டு ஒருத்தர் வாசலை மிதிக்க மாட்டார் என்று விளக்கினாய். வெளியே சொல்லாதே என்றாய். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் யார்? ஊர் ரகசியம் முழுக்கக் காதில் கேட்டும் வாய் திறக்காதவள். எனக்கு அந்தக் கட்டளையே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அடுத்த மாதம் உன் நாத்தனாருக்கு வளைகாப்பு. நானும் வந்திருந்தேன். நீ அடுப்படியில் சித்ரான்னம் கிளறிக்கொண்டிருந்தாய். கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். உன் மாமியாரும் கூட வந்தார். ராணியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கழுத்துப்பட்டை உரசி ரோமம் போய்ச் சிவந்திருந்தது. உன் மாமியார் மோசமான மனுஷி இல்லை, உனக்கே தெரியும். "எனக்கும் பாவமாத்தாம்மா இருக்கு. அடங்க மாட்டேங்குதே, என்ன செய்ய?" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை நான் நம்பினேன்.

சொன்னது நான்தான். அவள் அடங்காதவள் இல்லை பெரியம்மா, அவளுக்குக் காது கேட்காது என்றேன். சொன்னதோடு விட்டேனா? காலைத் தூக்கிக் கல்லில் ஒரு மிதி மிதித்துக் காட்டினேன். ராணி திரும்பினாள். வாலை ஆட்டினாள். உன் மாமியார் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "அடப் பாவமே" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது, நாளைக்கே சங்கிலியை அவிழ்ப்பார்கள், நீ ஓடிவந்து என் கையைப் பிடிப்பாய் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் அன்றைக்கு அந்த பஸ்ஸில் இல்லை.

நீ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். நானாகத்தான் கேட்டேன், ராணி எப்படி இருக்கிறாள் என்று.

"இல்ல."

"எங்க?"

"ஆலங்குளம் பக்கம் கல் குவாரில காவலுக்குக் கேட்டாகளாம். லாரில ஏத்தி அனுப்பிட்டாக."

சொல்லிவிட்டு அடுத்த டிரங்க் காலுக்கு இணைப்புக் கொடுத்தாய். அன்று முழுக்க நீ என் பக்கம் திரும்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. திரும்ப நேரமில்லாத அளவுக்கு டிரங்க் கால் இருந்தது என்பதும் உண்மை. எது காரணம் என்று இன்றுவரை தெரியவில்லை. வெடி வைக்கிற இடத்தில் செவிட்டு நாய்க்கு என்ன பயம், அதுதான் அதற்கு ஏற்ற இடம் என்று உன் மாமனார் சிரித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ என்றுகூட யோசித்திருக்கிறேன். அங்கே சங்கிலி இல்லாமல் நன்றாக இருந்தாளோ என்னவோ. பின்னால் வருகிற லாரி அவளுக்குக் கேட்காது என்பதையும் யோசித்திருக்கிறேன். எதை நினைத்துக்கொண்டு படுக்கிறேனோ அதைப் பொறுத்து அன்றைக்குத் தூக்கம்.

அந்தக் கோடையில்தான் நீ இந்தப் படத்தை வரைந்தாய். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து மிஞ்சியிருந்த பச்சை, தரைக்குப் போட்டு மிஞ்சிய சிவப்பு, சுவருக்கு அடித்த வெள்ளை டிஸ்டெம்பர். படம் முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னார்கள். நம் சூப்பர்வைசர் கார்டையும் பிளக்கையும் பார்த்துவிட்டு, இது ஆபரேட்டர்களைக் கேலி செய்கிற படம், ஹெட்செட் மாட்டி மாட்டிக் காதே போய்விட்டது என்கிறாள் என்றார். உன் வீட்டுக்காரர், சத்தமில்லாத மனிதர், இது நம் வீடுதானே என்று மட்டும் கேட்டாராம். கேட்டுவிட்டு, சாமான் வைக்கிற உக்கிராண அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். ஏன் திருப்பி வைத்தார் என்று உனக்கே தெரியவில்லை என்றாய். கோபமா, மாமனார் கண்ணில் படக்கூடாது என்ற கரிசனமா என்று நாம் இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்க விவாதித்தோம். நான் பேசப் பேச எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

பிறகு டிபார்ட்மென்ட் ஊழியர்களுக்கு மதுரையில் கலைப்போட்டி என்று சுற்றறிக்கை வந்தது. படத்தைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு நடுவில் நிற்க வைத்துக் கொண்டுபோனோம். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். நடுவராக வந்தவர் ஒரு கல்லூரி ஓவிய ஆசிரியர். நம் படத்தின் முன்னால் நின்று கூட்டத்துக்கு விளக்கினார். இது எக்ஸ்பிரஷனிசம், கண்ணுக்குத் தெரிவதை அல்ல, மனம் படுகிற பாட்டை வரைவது என்றார். கறுப்புக் கயிறு இயந்திர நாகரிகமாம். கட்டப்பட்ட மிருகங்கள் நம் ஆசைகளாம். கேட் பக்கம் வாயைத் திறந்து நிற்பவள், கேட்பாரில்லாமல் அலறுகிற பெண்குலமாம். நீ பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு, "அப்படியா சார், நல்லாருக்கு" என்றாய். ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தார்கள். பெண்குலத்துக்கு ஒரு தூக்குவாளி என்று நீ சொல்ல, நான் வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் தைரியம் வந்து கேட்டேன்.

"ஏட்டி, கேட்டுப் பக்கம் நிக்கிறவ யாரு?"

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"யாரு மாதிரி இருக்கு?"

"தெரியல."

"தெரியலன்னா விடு."

அதில் கோபம் இருந்ததா? இல்லை என்று ஒரு நாள் தோன்றும், இருந்தது என்று மறுநாள் தோன்றும். அப்போதே, நான்தான் சொன்னேன் என்று உடைத்திருந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்திருக்கும். ஊர் வருவதற்கு அரைமணி நேரம் இருந்தது. நான் தூக்குவாளியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தேன்.

தொண்ணூறுகளில் எல்லாம் தானியங்கி ஆகிவிட்டது. போர்டும் கார்டும் போயின. என்னை பில் செக்ஷனுக்கு மாற்றினார்கள், உன்னை ராஜபாளையத்துக்கே. பிறகு உனக்கு அந்த நோய். மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உன் உதடு வெடித்துக் கிடந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றிவிட்டேன். "ஏட்டி, அந்தப் படத்த நீ எடுத்துக்க. செவுத்தப் பார்த்து இல்ல, ஆளப் பார்த்து மாட்டு" என்றாய். ஏன் எனக்கு? தண்டனையா, பரிசா? கேட்க வாயெடுத்தேன். ஊசி போட நர்ஸ் வந்தாள், என்னை வெளியே நிற்கச் சொன்னாள். நான் வெளியே நின்றேன், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் உன் மாமியார் படத்தை என் கையில் கொடுத்தார். அவரைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன், ராணிக்குக் காது கேட்காது என்று சொன்னது நான்தான் என்பது உனக்குத் தெரிந்திருந்ததா என்று. பாவம், அவர் அழுதுகொண்டே யோசித்தார். "சொன்னேனோ என்னமோம்மா. சொல்லலையோ. எனக்கு இப்ப ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல" என்றார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உலகத்தில் அதைத் தெரிந்தவர் இனி ஒருவரும் இல்லை.

நீ சொன்னபடி ஆளைப் பார்த்துத்தான் மாட்டினேன். பல வருஷம் அந்த வாய்க்காரி நான்தான் என்று தீர்மானமாக இருந்தேன். எல்லோரும் வாயில்லாமல் நிற்க ஒருத்திக்கு மட்டும் வாய், அவளுக்குத் தண்டனையாக ஒரு காலைக் குட்டையாக்கி வைத்திருக்கிறாய் என்று. பிறகு, காட்டிக்கொடுத்தவளுக்கு யாராவது கடைசி நேரத்தில் படம் கொடுப்பார்களா என்று தோன்றும். உடனே, அதற்குத்தான் கொடுத்தாள், தினமும் பார்க்கட்டும் என்று கொடுத்தாள் என்றும் தோன்றும். நடுவர் சொன்ன பெண்குலமே மேல் என்று ஆகிவிடும் எனக்கு.

இன்று காலையில் பெயிண்டர் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் படத்தின் அழுக்கைத் துடைத்துக் கொடுத்தார். கீழ் ஓரத்தில் அப்பியிருந்த ஒட்டடையும் எண்ணெய்ப் பிசுக்கும் போனதும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருத்திக்குக் கால் குட்டை என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"குட்டை இல்லம்மா. கால தூக்கிருக்கு. நிழல் கீழ தனியா கிடக்கு பாருங்க. மிதிக்கப் போகுது."

ஆமாம். பாதத்துக்குக் கீழே ஒரு விரற்கடை சிவப்பு விட்டு, நிழல் தனியாக இருந்தது. இத்தனை வருஷம் அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.  வாய் திறந்திருக்கிறது, கால் தூக்கியிருக்கிறது. அந்த வளைகாப்பு அன்று பின்கட்டில் நான் நின்றது அப்படியேதான். அப்படியானால் உன் மாமியார் உன்னிடம் சொல்லியிருக்கிறார், உனக்கு எல்லாம் தெரியும். அப்படி முடித்துவிடலாம் என்றால், டியூட்டி முடிந்து வந்து தினமும் காலைத் தூக்கியவள் நீ. கேட்காது என்று தெரிந்தும் வாய்விட்டு அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டாயா? அப்படியானால் அது நீ. படத்தில் ராணியின் முகம் கேட் பக்கம் திரும்பியிருக்கிறது, வால் மேலே நிற்கிறது. அங்கே நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

சாரம் கட்டக் கொண்டுவந்த நீளப் பலகை தரையில் கிடந்தது. அதன் ஒரு முனையில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உட்கார்ந்திருந்த இடம் அதிர்ந்தது. திரும்பினால், மறுமுனையில் ஒரு காலை வைத்துக்கொண்டு பெயிண்டர் நிற்கிறார்.

"மூணு தடவ கூப்பிட்டேம்மா, திரும்பல. பலகைய மிதிச்சதும் திரும்புதீங்க." கிட்டே வந்து கேட்டார். "காது கேக்கலையோ?"

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மூன்று வருஷமாகவே இல்லை. இடது காது சுத்தமாக, வலது காது முக்கால்வாசி. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். வீட்டுக்காரர் போனபிறகு இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சம்பளம் வாங்கியவள் சிக்னலைக் குறை சொல்கிறேன். வந்து எங்களோடு இரு என்று கூப்பிடுகிறான், நான் போகவில்லை. கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை, அம்மாவுக்கு வீம்பு என்று மருமகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வான். அந்த வீம்பு இருக்கிறவரை இந்த வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கும். காது கேட்காதவளைத் தனியாக விட அவனுக்கு மனசு வராது. பூட்டைப் போட்டுவிட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். என் நல்லதுக்குத்தான் செய்வான், அவன் மீது ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். நீ எனக்கு விட்டுப்போனதில் இந்தப் படம் பாதி, ராணியை அவிழ்த்துவிடச் சொன்னபோது வீம்பையும் செவிட்டையும் பற்றி நீ சொன்ன அந்த இரண்டு வரி மீதி. அதை வைத்துத்தான் மூன்று வருஷமாகக் காலம் தள்ளுகிறேன்.

"வீட்ல சொல்லிராதீங்க" என்றேன் பெயிண்டரிடம். அவரை வேலைக்குப் பிடித்துக் கொடுத்ததே என் மகன்தான். அவர் செல்லில் அவன் நம்பர் இருக்கிறது.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான்மா ஆச்சு. பாவம்" என்றார் அவர். அவ்வளவுதான். சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை. பச்சை டப்பாவைக் கிளறப் போய்விட்டார்.

நல்ல மனிதர். இரக்கமுள்ளவர். மத்தியானம் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்து, நான் உதட்டைப் பார்க்க வசதியாக மெதுவாகப் பேசினார். உன் மாமியாரிடம் நான் பேசியதுபோல என் மகனிடம் இவர் பேசினால் அதில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பின்கட்டில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. உனக்குத் தெரிந்திருந்தால், நீ என்னைத் திட்டியிருக்க முடியாது என்று தோன்றுகிறது. என்னாலும் இவரைத் திட்ட முடியவில்லையே. ஆனால் மன்னித்தாயா என்று கேட்டால், இவரை நான் மன்னிப்பேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்கு வாரேன்மா என்பதுபோலக் கையை ஆட்டினார். படத்தைப் பழைய ஆணியில், ஆளைப் பார்த்து, அவரே மாட்டிக் கொடுத்தார். வாசல் வரைக்கும் போனேன். படியிறங்கும்போதே செல்லை எடுத்துக் காதில் வைத்தார். கேட்டைத் திறந்துகொண்டு, ஒரு கையால் வீட்டுப் பக்கம் காட்டி, யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார். வாய் திறந்து திறந்து மூடியது. முகம் திரும்பியிருந்ததால் உதடு தெரியவில்லை. என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை.